எழுதியவர் ஏமாறலாமா? புத்தகப் பதிப்பு மோசடிகளைக் கண்டுகொள்ள ஒரு கையேடு

தை பிறந்து சம்பா அறுவடை முடிகிற நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருக்கும். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் கோயில் வரலாறு, வாய்க்கால் பாசனக் கதைகள், நடவுப் பெண்கள் பாடிய பாட்டுகள் என்று முப்பது வருடமாக நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறார். பேத்தி அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறாள். இரண்டே நாளில் போன் வருகிறது.

“ஐயா, வணக்கம்! உங்க எழுத்தைப் படிச்சு எங்க எடிட்டர் டீமே அசந்துபோச்சு. உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். புத்தகம் போடுறோம், நூலக ஆணை வாங்கித் தர்றோம், வெளிநாட்டுப் புத்தகக் கண்காட்சியில வைக்கிறோம். பேக்கேஜ் எழுபதாயிரம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினா நாப்பத்தஞ்சுதான்.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே...”

“கேளுங்க ஐயா. ஆனா ஆஃபர் போயிடும்.”

இந்த ஆசிரியர் கற்பனைதான். ஆனால் அந்தப் பேச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் இன்று எழுதுகிறவர்களின் காதில் விழுந்துகொண்டிருப்பதுதான். கவிதை எழுதும் கல்லூரி மாணவி, ஆய்வேடு முடிக்கப் போகும் ஆராய்ச்சி மாணவர், குடும்ப வரலாறு எழுதும் விவசாயி என்று யாரையும் இது விடுவதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது, அப்படி ஒரு போன் வந்தால் என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, பணம் போய்விட்டால் எங்கே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பணம் கேட்டாலே மோசடியா?

இல்லை. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புத்தகம் வெளிவர இரண்டு நேர்மையான வழிகள் உண்டு.

முதல் வழியில் பதிப்பகம் தன் பணத்தைப் போடும். தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம், அட்டை, அச்சு, விற்பனை எல்லாம் அவர்கள் செலவு. உங்களுக்கு விற்பனையில் ஒரு பங்கு, அதாவது ராயல்டி, வரும். அட்டை விலையில் பத்து விழுக்காடு என்பது தமிழ்ப் பதிப்புலகில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இந்த வழியில் பணம் பதிப்பகத்திடமிருந்து உங்களை நோக்கித்தான் ஓடும்.

இரண்டாவது வழியில் நீங்களே பதிப்பாளர். அச்சகத்துக்கும் அட்டை வரைபவருக்கும் நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள். புத்தகமும் உரிமையும் வரவும் முழுக்க உங்களுடையவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அக்காலத்தில் ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டித்தான் பல நூல்கள் அச்சேறின. ஐயரும் அந்த வழியில்தான் நடந்தார். எந்த அச்சகம், யார் எவ்வளவு தந்தார்கள், எதற்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் பதிப்பித்தவருக்கே தெரிந்திருந்தது.

மோசடி இந்த இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது. “நாங்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தோம்” என்று முதல் வழியைப் போலப் பேசும். செலவை மட்டும் இரண்டாம் வழியைப் போல உங்கள் தலையில் வைக்கும். உரிமையையும் வரவையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் பணம் கேட்கிறார்களா என்பதோடு நிற்காமல், என்ன வேலைக்கு, எவ்வளவு, அதன் பிறகு புத்தகம் யாருடையது என்றும் கேளுங்கள்.

மோசடியின் ஆறு முகங்கள்

1. தேடி வரும் புகழ்ச்சி. நல்ல பதிப்பகங்களின் மேசையில் படிக்கப்படாத கைப்பிரதிகள் எப்போதும் குவிந்திருக்கும். முழுப் பிரதியையும் படிக்காமல், நீங்கள் அனுப்பாமலேயே, “ஏற்றுக்கொண்டோம்” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேண்டியது உங்கள் எழுத்து அல்ல. ஒரு எளிய சோதனை: “என் கதையில எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சது?” என்று கேளுங்கள். படித்தவர் உடனே சொல்வார்.

2. தொகுப்பு நூலும் சாதனைச் சான்றிதழும். “நூறு கவிஞர்கள் சேர்ந்து ஒரு நூல். ஒரு கவிதைக்குக் கட்டணம் இவ்வளவு. உலக சாதனைச் சான்றிதழ் உண்டு.” இதில் புத்தகத்தை வாங்கப் போவதும் அதே நூறு கவிஞர்கள்தான். சான்றிதழ் தரும் அமைப்பின் பெயரை மட்டும் பார்க்காமல், கவிதை நிராகரிக்கப்பட்ட ஒருவராவது உண்டா என்று விசாரியுங்கள். யாருமே நிராகரிக்கப்படவில்லை என்றால் அங்கே தேர்வே நடக்கவில்லை.

3. விருதும் டாக்டர் பட்டமும். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கில் ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைப் பிரபலங்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது. தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிவித்த பல்கலைக்கழகம் காவல் துறையில் புகார் கொடுத்தது. அவ்வளவு பிரபலமானவர்களே மேடை ஏறிவிட்டார்கள் என்றால், நம்மால் எளிதில் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் பட்டம் வழங்கச் சிறப்பு அதிகாரம் பெற்ற நிறுவனங்களும்தான் பட்டம் தர முடியும். விழா நடக்கும் கட்டடம் அந்த அதிகாரத்தைத் தராது. விருதுக்கு “பதிவுக் கட்டணம்” கேட்டால், அது நீங்கள் வாங்கும் கேடயத்தின் விலை. அவ்வளவுதான்.

4. ஆய்விதழ் வலை. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி கல்லூரிகளின் ஆராய்ச்சி மாணவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். “மூன்று நாளில் கட்டுரை வெளியீடு, ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, கட்டணம் 2,000” என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பைப் பார்த்திருப்பீர்கள். துறை அறிந்த இரண்டு பேர் படித்துக் குறை சொல்லித் திருத்தி வெளியிடும் வேலை மூன்று நாளில் முடியாது. ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்கான அடையாள எண். தரச் சான்று அல்ல.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பின் வந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆகவே இன்று ஒருவர் “எங்க ஜர்னல் யூஜிசி கேர் லிஸ்ட்ல இருக்கு” என்று சொல்லிப் பணம் கேட்டால், அவர் காலாவதியான சீட்டைக் காட்டுகிறார். இன்னொன்று: முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்பதை நெறியாளரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு பர்ஸைத் திறங்கள். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற இதழ் நிறுவனம், கட்டணத்தை மறைத்தது, முறையான மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது ஆகிய காரணங்களுக்காக 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019-இல் உத்தரவிட்டது.

5. சினிமாவும் வெளிநாடும். “உங்க நாவலை வெப் சீரிஸா எடுக்கக் கேக்கறாங்க. முதல்ல திரைக்கதை வடிவம் தயார் பண்ணணும், அதுக்கு மட்டும் செலவு.” இதே பேச்சு கடல் கடந்தும் நடக்கிறது. பேஜ்டர்னர் பிரஸ் அண்ட் மீடியா என்ற நிறுவனத்தை நடத்தியவர்கள், பிலிப்பைன்ஸில் இருந்த அழைப்பு மையம் வழியாக 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலருக்கு மேல், அதாவது 350 கோடி ரூபாய்க்கும் அதிகமாக, கறந்ததாக அமெரிக்க அரசுத் தரப்பு வழக்குத் தொடர்ந்திருக்கிறது. 2017 முதல் 2024 வரை இது நடந்தது என்பது குற்றச்சாட்டு. பெரிய பதிப்பகமும் திரைப்பட நிறுவனமும் உங்கள் நூலைக் கேட்கின்றன, அதற்கு முன் இந்தக் கட்டணம், அந்த வரி என்பதுதான் அங்கே பேச்சு. பணம் இழந்தவர்களில் பலர் முதியவர்கள். உண்மையில் படம் எடுக்கும் நிறுவனம் கதை உரிமைக்கு எழுத்தாளருக்குப் பணம் தரும், எழுத்தாளரிடம் கேட்காது.

6. இரவல் முகம். தெரிந்த பதிப்பகத்தின் பெயர், அமேசான் பெயர், சில சமயம் அரசுத் துறையின் பெயரே கூட இரவல் வாங்கப்படும். “நூலக ஆணை வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்” என்பது நம் மாநிலத்துக்கே உரிய வகை. பொது நூலகங்களுக்கான நூல் கொள்முதல், பொது நூலக இயக்ககம் அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பம் பெற்று, தேர்வு செய்து நடப்பது. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல் ஏற்றுவதற்கும் கட்டணம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மறுபடி நம் ஆசிரியரிடம் வருவோம். 45,000 ரூபாய் பேக்கேஜ். அவருக்கு 100 பிரதிகள் தருகிறார்கள். அட்டை விலை 200 ரூபாய். “லாபத்தில் நூறு சதவீதமும் உங்களுக்கே” என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு பிரதி கடையில் விற்றால் கடைக்கும் விநியோகத்துக்கும் 40 விழுக்காடு, அதாவது 80 ரூபாய் போகிறது என்று கொள்வோம். அச்சுச் செலவு என்று நிறுவனம் 70 ரூபாய் பிடிக்கிறது. மிச்சம் 50 ரூபாய். தன்னிடம் உள்ள 100 பிரதிகளையும் ஒன்று விடாமல் முழு விலைக்கே விற்றாலும் 20,000 ரூபாய். மீதி 25,000 ரூபாயை எடுக்க இன்னும் 500 பிரதிகள் விற்க வேண்டும். ஊரில், உறவில், பள்ளி நண்பர்களில் யார் அந்த 500 பேர்? பேக்கேஜ் விற்றவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அவருடைய லாபம் 45,000 ரூபாய் கைக்கு வந்த அன்றே முடிந்துவிட்டது.

இதே கணக்கை அச்சகத்தில் நேரே போட்டுப் பாருங்கள். தஞ்சை, கும்பகோணம், திருச்சி அச்சகங்கள் இரண்டில், உங்கள் பக்க எண்ணிக்கையைச் சொல்லி 100 பிரதிக்கும் 300 பிரதிக்கும் எழுத்து வடிவில் விலைப்புள்ளி வாங்குங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கும் அட்டை வரைபவருக்கும் தனித்தனியே கூலி கேளுங்கள். இந்தத் தொகைக்கும் பேக்கேஜுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், பாதி அழைப்புகள் அங்கேயே துண்டிக்கப்படும்.

ஒப்பந்தம்: குத்தகையா, கிரயமா?

டெல்டாவில் நிலம் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். குத்தகைக்கு விட்டால் நிலம் நம்முடையது. கிரயம் எழுதிக் கொடுத்தால் கை மாறிவிட்டது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாலு பேரிடம் காட்டாமல் யாரும் கைநாட்டு வைப்பதில்லை. ஆனால் அதே ஆட்கள், முப்பது வருட எழுத்துக்கு வரும் ஒப்பந்தத்தைப் போனிலேயே மேலும் கீழும் தள்ளிவிட்டு “ஐ அக்ரீ” அழுத்திவிடுகிறார்கள்.

பதிப்புரிமையிலும் இதே இரண்டு வகைதான். ‘உரிமம்’ என்பது குத்தகை மாதிரி. ‘உரிமை மாற்றம்’ என்பது கிரயம் மாதிரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்புகள் இவை:

• எழுதிய கணமே உரிமை உங்களுடையது. அச்சாகாத நோட்டுக்கும் இது பொருந்தும். பதிவு கட்டாயமில்லை.

• உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். ஆக, நீங்கள் கையெழுத்துப் போடுவது உங்கள் பேரப்பிள்ளைகளின் சொத்துக்கும் சேர்த்துத்தான்.

• உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். போனில் “சரி” என்றது செல்லாது.

• எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 19).

• உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த மாற்றம் காலாவதியாகும்.

• உரிமையையே விற்றுவிட்டாலும், இதை எழுதியவர் நான் என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும் (பிரிவு 57).

கடைசிக்கு முந்தைய வரியில் வரும் ‘வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய’ என்பதைக் கவனித்தீர்களா? சட்டம் தந்த பாதுகாப்பை ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியம் எடுத்துவிடலாம். அதனால் நான்கு சொற்றொடர்களைத் தேடிப் பாருங்கள். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’, ‘எல்லா வடிவங்களிலும் எல்லா மொழிகளிலும்’, ‘அடுத்து எழுதும் நூல்களுக்கும்’, ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’. இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். அச்சுக்கு மட்டும் உரிமை, மூன்று அல்லது ஐந்து ஆண்டு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் எழுத்தாளரிடமே என்பது நியாயமான குத்தகை. பக்கம் வடிவமைத்த அச்சுக் கோப்பும் அட்டைக் கோப்பும் யாருடையவை என்பதையும் எழுதி வாங்குங்கள். நீங்கள் காசு கொடுத்துச் செய்த வேலை அது.

கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் விடுவார்கள். நாளைக்கு ‘யார் எழுதியது’ என்று தகராறு வந்தால் இது நல்ல ஆதாரம்.

ஐ.எஸ்.பி.என். எண்: அது என்ன, என்ன இல்லை?

விதை வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பார்த்து வாங்குவோம். அது சான்று விதைக்கான அட்டை. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க எண்ணும் அப்படியொரு சான்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. வண்டி எது என்று சொல்லும். நன்றாக ஓடுமா என்று சொல்லாது.

இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் இல்லை. தானே பதிப்பிக்கும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். எனவே “ஐ.எஸ்.பி.என்.னுக்கு மட்டும் ஐயாயிரம்” என்று ரசீதில் எழுதினால் அது வெறும் சேவைக் கூலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண் ஒழுங்கான வடிவில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். உதாரணமாக 9780306406157 என்ற எண்ணுக்கு 9+21+8+0+3+0+6+12+0+18+1+15+7 = 100. சரியாக இருக்கிறது. வகுபடவில்லை என்றால் எண் தவறானது அல்லது போலி. வகுபட்டால் எண் வடிவம் சரி என்று மட்டுமே பொருள்.

போனிலேயே பத்து நிமிடச் சோதனை

யாராவது பணம் கேட்டால், பதில் சொல்லும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. நிறுவனத்தின் பெயரோடு ‘புகார்’, ‘ஏமாற்று’, ‘ஸ்கேம்’ என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள்.

2. ஜிஎஸ்டி எண் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால் உண்மைப் பெயரும் பதிவு நிலையும் வரும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு சேவையாளர்களுக்கு இந்த எண் கட்டாயமில்லை. ஆகவே எண் இல்லாததே குற்றமல்ல. பொய் எண் தருவது குற்றம்.

3. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று சொன்னால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைத் தேடுங்கள்.

4. அவர்கள் வெளியிட்டதாகச் சொல்லும் இரண்டு நூல்களைக் கடையில் வாங்கிப் பாருங்கள். தாள், எழுத்துப் பிழை, கட்டமைப்பு எல்லாம் தானே பேசும்.

5. அவர்களிடம் ஏற்கெனவே நூல் போட்ட மூன்று எழுத்தாளர்களை நீங்களே கண்டுபிடித்துப் பேசுங்கள். நிறுவனம் தரும் எண்களை மட்டும் நம்ப வேண்டாம். “ராயல்டி கணக்கு வருஷா வருஷம் வந்துச்சா?” என்ற ஒரு கேள்வி போதும்.

6. நூலைச் சட்டப்படி நூலகங்களுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மேலும் மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். இந்தச் சட்டமே தெரியாதவர் பதிப்பாளர் அல்ல.

7. பணம் தனிநபர் யுபிஐ எண்ணுக்குக் கேட்கப்பட்டால் நிறுத்துங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு, ரசீதோடு, வேலை முடிய முடியத் தவணையாக மட்டும் செலுத்துங்கள். “ராயல்டி அனுப்பியிருக்கோம், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க” என்றால் அது நேரடித் திருட்டு. பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை.

இதெல்லாம் முடிய ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் போய்விடும் சலுகை போகட்டும். அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு அல்ல.

பணம் போய்விட்டதா? தலை குனிய வேண்டாம்

ஏமாந்தவர்களில் பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. “இந்த வயசுல புத்தகம் ஒரு கேடா” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் அடுத்த ஆளையும் ஏமாற்ற அவர்களுக்குக் கிடைக்கும் முதலீடு. செய்ய வேண்டியவை:

உடனே 1930. இணையவழிப் பணமோசடிக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கை மாறும் முன் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம். வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், ஒப்பந்தம், பணம் அனுப்பிய விவரம், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

காவல் நிலையம். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் குற்றம். பழைய 420 இப்போது இங்கேதான் இருக்கிறது. குற்றம் வேறு ஊரில் நடந்தது என்று சொல்லிப் புகாரை வாங்க மறுக்க முடியாது. எந்தப் பகுதியில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்பதே புதிய சட்டம்.

நுகர்வோர் ஆணையம். நிறுவனம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் இது உங்களுக்கான வழி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரில் வழக்காடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

சட்ட உதவி. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானத்தினர் உள்ளிட்டோருக்கு இலவச உதவி உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஏமாந்த சில மாதங்களில் வேறொருவர் அழைப்பார். “நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க.” இது அதே வலையின் இரண்டாவது வீச்சு. உங்கள் பெயரும் எண்ணும் ‘பணம் கொடுப்பவர்’ பட்டியலில் விற்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். காவல் துறையோ நீதிமன்றமோ போனில் கட்டணம் கேட்காது.

நேர் வழிகளும் இருக்கின்றன

கதவுகள் எல்லாம் மூடியிருக்கின்றன என்ற எண்ணம்தான் ஜன்னல் வழியே வருபவரை நம்ப வைக்கிறது. சில திறந்த கதவுகள் இதோ. தமிழ் வளர்ச்சித் துறை, வருமான வரம்புக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. சிறந்த நூல்களுக்குப் பரிசும் தருகிறது. ஆதிதிராவிடர் எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தனி உதவித் திட்டம் உண்டு. 2023 முதல் நடந்துவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகத் திருவிழா வழியாகத் தமிழ் நூல்களை மொழிபெயர்க்க மானியம் வழங்கப்படுகிறது. அறிவிப்பு வெளியாகும் காலத்தில் துறைகளின் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரியுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு மாலை முழுக்க அரங்கு அரங்காக நடந்து பதிப்பாளர்களிடம் நேரில் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசிய பத்து நிமிடம், பத்து போன் அழைப்புக்குச் சமம்.

இனி நம் ஆசிரியரிடம் திரும்பிப் போவோம். சாயங்காலம் அதே எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. இந்த முறை பேத்தியும் பக்கத்தில் இருக்கிறாள். அவர் கையில் ஒரு துண்டுத் தாள்.

“தம்பி, அஞ்சு கேள்வி கேக்கறேன். என் நோட்டுல எந்தப் பகுதி உங்களுக்குப் பிடிச்சது? நாப்பத்தஞ்சாயிரத்துல எதுக்கு எதுக்கு எவ்வளவு? எழுதிக் குடுப்பீங்களா? உரிமை எத்தனை வருஷம் உங்ககிட்ட இருக்கும்? உங்ககிட்ட புத்தகம் போட்ட மூணு பேர் பேரு சொல்லுங்க. பணத்தை எந்தக் கம்பெனி கணக்குல போடணும்?”

மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு, “மேனேஜர்கிட்ட கேட்டுட்டு கூப்பிடறேன் ஐயா” என்ற பதில்.

அந்தத் துண்டுத் தாளை நீங்களும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் தருபவரோடு தயங்காமல் பேசலாம். பதில் வராவிட்டால் நட்டமில்லை. நெல் போட்ட பணம் வங்கியில் இருக்கிறது, நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. நல்ல பதிப்பாளர் கிடைக்கும்வரை இரண்டும் பத்திரம்.